பாபினில் பளிச், பின்னலில் சேறு: ஒரு நான்கு நிறச் சடையின் நிகழ்வு ஆய்வு

ஒரு சால்வைக்காக எடுத்தது, கையால் சாயமிட்ட மெரினோ டாப் (நூற்பதற்காக இழைகளை இணையாக வாரி நீளப் பட்டையாக்கிய மெரினோ கம்பளி), சடையாகப் பின்னிய மூன்று கட்டு, கட்டுக்கு 100 கிராம். மயில்கழுத்து, ஆரஞ்சு, கடுகு மஞ்சள், கத்தரிப்பூ என்று நான்கு நிறம். சடையாகக் கிடந்தபோது பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. முதல் சடையை ராட்டையில் நூற்று, நூல் சுற்றும் உருளையான பாபினில் ஏற்றியபோதும் அழகு குறையவில்லை. இரண்டு பாபினின் நூலையும் சேர்த்து இரட்டைப்புரியாக முறுக்கிச் சிட்டம் (நூல் கட்டு) எடுத்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. கையில் பிடித்துப் பார்த்தால் பொரிப்பொரியாக நான்கு நிறமும் இருந்தன. நாலெட்டு தள்ளி நின்றால் ஈரமண் நிறம். ஒரு துண்டு பின்னிப் பார்த்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

சாயம் மட்டம் என்றோ நிறத்தேர்வு தப்பு என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இதே நான்கு நிறம் சடையில் அழகாகத்தானே இருந்தது? நூற்கும்போது அவை எந்த அளவில் கலந்தன என்பதில்தான் கோளாறு. மீதியிருந்த 200 கிராமைக் கெடாமல் காப்பாற்றியது இந்தக் கேள்விதான்.

சடையின் கணக்கு

நூற்கும் முன் சடையை அவிழ்த்து நீளமாகப் போட்டு அளப்பது பலருக்கு வழக்கமில்லை. இங்கே பாதி விடை அந்த அளவில் இருந்தது. சடை அவிழ்த்தால் 4 மீட்டர், அதாவது மீட்டருக்கு 25 கிராம். நிறங்கள் ஒரு நுனியிலிருந்து மயில்கழுத்து, ஆரஞ்சு, கடுகு மஞ்சள், கத்தரிப்பூ என்று வந்து, அதே வரிசையில் இன்னொரு முறை வருகின்றன. ஆக எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர், 12.5 கிராம். ஒரு நுனி எப்போதும் மயில்கழுத்து, மறு நுனி எப்போதும் கத்தரிப்பூ. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக உதவியது.

நூற்ற ஒற்றைப்புரி, அதாவது இன்னொன்றோடு சேர்த்து முறுக்காத தனி நூல், 100 கிராமுக்கு 1000 மீட்டர். இரட்டைப்புரியாக முறுக்கினால், முறுக்கில் சுருங்குவது போக, 100 கிராமுக்குச் சுமார் 460 மீட்டர் வந்தது. நூலின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்.

முதல் சடை எப்படி நூற்கப்பட்டது? குறுக்கிலும் நெடுக்கிலும் பிய்த்துப் பதினைந்து துண்டுகளாகக் கூடையில் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து நூற்றிருக்கிறார்கள். இந்தப் பாபினின் ஆரஞ்சுக்கு அந்தப் பாபினில் எது ஜோடி என்று யாரும் பார்க்கவில்லை. சில துண்டுகள் டாப்பின் முழு அகலத்தோடு அப்படியே இழுக்கப்பட்டிருந்தன.

ஆறு ஜோடி, இரண்டு சண்டை

நான்கு நிறத்தில் ஆறு ஜோடி உண்டு. அவை கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ராட்டையே தேவையில்லை. ஒரு நிறத்தில் ஒரு சிட்டிகை, இன்னொன்றில் அதே அளவு சிட்டிகை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரித்து, பிரிந்த பாதியை மறுபாதிமேல் வைத்து மறுபடி இழுங்கள். நாலைந்து முறையில் இழைகள் கோடுகோடாகத் தெரியும். பத்து முறையில் கோடு மங்கும். இருபதாவது முறையில் கையில் இருப்பது புது நிறம். இரண்டே நிமிட வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கு நிறச் சடையை நூற்க உட்காருவது, நூல் வந்த பிறகு வருத்தப்பட உட்காருவதுதான்.

இந்தச் சடையில் கிடைத்தது இது. ஆரஞ்சும் கடுகு மஞ்சளும் கலந்தால் வெயில் நிறம், உயிரோடு இருந்தது. மயில்கழுத்தும் கத்தரிப்பூவும் கலந்தால் ஆழமான நீலம், அதுவும் நன்று. மயில்கழுத்தும் கடுகும் மங்கிய பாசிப்பச்சை. ஆரஞ்சும் கத்தரிப்பூவும் அரக்குக்குப் பக்கத்தில் ஒரு நிறம். இவை இரண்டும் சுமார், ஒதுக்கத் தேவையில்லை. கெட்டது இரண்டு ஜோடிதான்: மயில்கழுத்தும் ஆரஞ்சும், கடுகும் கத்தரிப்பூவும். நிறச்சக்கரத்தில் ஏறத்தாழ எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நிறங்கள் இவை. எதிர் நிறங்கள் இழையளவில் கலந்தால் ஒன்றையொன்று கொன்று சாம்பலும் பழுப்புமாகப் போகும்.

கெட்ட ஜோடிகள் இரண்டும் ஒரே மாதிரி கெடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சடையைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக்கினால் கடுகு மஞ்சள் மிக வெளிறியும் கத்தரிப்பூ மிக அடர்ந்தும் தெரிந்தன. ஆரஞ்சும் மயில்கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். ஆகவே கடுகு–கத்தரிப்பூ புரிகள் சேர்ந்த இடத்தில் நூல் இருநிறக் கயிறு போலப் பளீரென்று சுற்றித் தெரிகிறது. பின்னினால் புள்ளிப்புள்ளியாகி, தூரத்தில் சேறாகிறது. ஆரஞ்சு–மயில்கழுத்து சேர்ந்த இடத்தில் அந்தக் கயிற்றுக்கோடே மங்கல். வெளிர்–அடர்வு வித்தியாசம் இல்லாததால் பக்கத்திலிருந்து பார்த்தாலே அழுக்குத் துணி போல இருக்கிறது. முதல் வகையை ஒரு சிலர் விரும்பக்கூடும். இரண்டாவதை விரும்பியவரைக் காண்பது அரிது.

ஜோடி பார்க்காமல் இரண்டு பாபின் சேர்ந்தால் நூலின் நீளத்தில் கால்பங்கு ஒரே நிறமும் ஒரே நிறமும் சேர்ந்ததாக இருக்கும். ஆறு ஜோடிக்கும் எட்டில் ஒரு பங்கு வீதம் மீதி. ஆக இரண்டு கெட்ட ஜோடிக்கும் சேர்த்துக் கால்பங்கு. இது புரியளவில் நடக்கும் கலப்பு மட்டும். நிறம் மாறும் மூட்டுகளில் இழையளவில் நடக்கும் கலப்பு தனிக் கணக்கு.

மூட்டில் ஒளிந்திருந்த சேறு

இந்த மெரினோவின் இழை நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். ஆரஞ்சு முடிந்து கடுகு தொடங்கும் கோட்டைத் தாண்டி நிற்கும் இழைகள் அத்தனையும் பாதி ஆரஞ்சு, பாதி கடுகு. சாயம் கசிந்ததையும் சேர்த்தால் மூட்டின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். டாப்பை நூலாக இழுக்கும்போது இந்த 10 சென்டிமீட்டர் அப்படியே பெருகுகிறது. முழு அகல டாப் மீட்டருக்கு 25 கிராம், ஒற்றைப்புரி மீட்டருக்கு 0.1 கிராம், ஆக இழுப்பு 250 மடங்கு. 10 சென்டிமீட்டர் மூட்டு 25 மீட்டர் நூலாகிறது! நெடுக்கில் எட்டாகக் கீறிய கீற்றில் இழுப்பு 31 மடங்குதான், மூட்டு 3 மீட்டர் நூலோடு முடிகிறது.

கீறினால் மூட்டுச் சேறு குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. பகுதியும் மூட்டும் ஒரே விகிதத்தில்தான் நீள்கின்றன. எப்படிக் கீறினாலும் ஐம்பதுக்குப் பத்து என்பது ஐம்பதுக்குப் பத்துதான். அதைக் குறைக்க ஒரே வழி மூட்டைப் பிய்த்து எடுப்பது. கீறுவதால் கிடைக்கும் லாபம் வேறு. அகலமான டாப்பை இழுக்கும்போது கை ஒரு ஓரத்தை முந்தி இழுக்கும், மறு ஓரம் பின்தங்கும். ஆரஞ்சு தொடங்கி வெகுநேரம் ஆன பிறகும் மயில்கழுத்து இழைகள் ஒட்டிக்கொண்டு வரும். விரல் தடிமனுள்ள கீற்றில் பின்தங்க ஓரமே கிடையாது.

இந்தச் சடையில் ஏழு மூட்டு. அவற்றில் ஆரஞ்சு–கடுகு இரண்டும் கத்தரிப்பூ–மயில்கழுத்து ஒன்றும் நல்ல மூட்டுகள், கலந்தாலும் அழகு. மீதி நான்கும் கெட்ட மூட்டு: 40 சென்டிமீட்டர், சடையில் பத்து சதவீதம். இரண்டு புரியில் ஏதோ ஒன்றாவது கெட்ட மூட்டில் இருக்கும் நீளம் 19 சதவீதம் ஆகிறது. கெட்ட ஜோடிகளோடு கூட்டினால் முதல் சிட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நூல் சேறு. அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் துண்டுதுண்டாகச் சிதறி, நல்ல பகுதியையும் இழுத்து விழுத்தியிருக்கிறது.

கண் எவ்வளவு பிரிக்கும்

சாதாரணக் கண் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்கும். தூரம் கூடக் கூட அதே விகிதத்தில் இது பெரிதாகும். கம்பளி இழையின் தடிமன் 0.02 மில்லிமீட்டர் அளவு. இழையளவில் கலந்த நிறம் மூக்கருகே வைத்தாலன்றிப் பிரியாது. இரட்டைப்புரியில் ஒரு புரியின் அகலம் சுமார் 0.8 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை மீட்டர் தாண்டியதும் இருநிறம் ஒருநிறமாகிவிடும். நாலெட்டு தள்ளி நின்றபோது நடந்தது இதுதான். புரி முறுக்கை இறுக்கினால் நிறக்கோடுகள் நெருங்கி, இன்னும் சீக்கிரம் கலக்கும். 5 சென்டிமீட்டர் உயரப் பட்டையோ அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தன் நிறத்தோடு நிற்கும்.

பட்டையாக நின்றால் எதிர் நிறங்கள் கொல்வதற்குப் பதில் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் மிஷேல் யூஜென் ஷெவ்ரல் இதைப் படித்தது கம்பளி நூலிலிருந்துதான். நீலம், ஊதா துணிகளில் நிழலுக்காகப் போட்ட கறுப்பு வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்ததில் கறுப்புச் சாயத்தில் குறை இல்லை, பக்கத்து நிறம்தான் அதை அப்படிக் காட்டியது. 1839-இல் அவர் வெளியிட்ட நிற முரண் விதி அங்கிருந்து பிறந்தது. இந்தச் சடையை அந்த விதியோடு வைத்துப் பார்த்தால், ஆரஞ்சும் மயில்கழுத்தும் சந்திப்பதில் தவறில்லை. அவை சந்திக்க வேண்டிய இடம் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே. இழைக்குள்ளும் புரிக்குள்ளும் சந்தித்ததுதான் தப்பு.

முதலில் சாயம் நிற்கிறதா

முதல் சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்தபோது நீர் நீலப்பச்சையாகியது. கடுகு மஞ்சள் பச்சை பூசியது போல மங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். டர்க்கய்ஸ் (பச்சை கலந்த நீலம்) கலந்த அமிலச் சாயங்கள் கம்பளியில் ஏற நேரமும் சூடும் அதிகம் கேட்கும் ரகம். அவசரமாக இறக்கினால் மேலாக ஒட்டியிருப்பது பின்னால் கசியும். மயில்கழுத்து நிறத்தில் அந்த நீலம் இல்லாமலிருப்பது அபூர்வம்.

மீதிச் சடைகளில் ஒரு சிட்டிகையை நனைத்து வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வைத்துப் பிழிந்ததில் துணியில் கறை. நூற்கும் முன்பே சரிசெய்ய வேண்டியதாயிற்று. 100 கிராமுக்கு 3 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் சடையை அரைமணி ஊறவைத்து, பிழிந்து, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தாளில் நிறங்கள் ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, 30 நிமிடம் ஆவியில் வைத்து, சுருளுக்குள்ளேயே முழுக்க ஆறவிட்டார்கள். ஆறும் முன் பிரித்துக் குளிர்ந்த நீரில் போட்டால் கம்பளி இழைகள் சிக்கிக் கட்டிதட்டிவிடும். அலசியபோது நீர் தெளிவாக வந்தது.

ஆவி கண்ட டாப் கொஞ்சம் இறுகியிருக்கும். காய்ந்ததும் இரு கைகளுக்கு இடையே 20–25 சென்டிமீட்டர் விட்டுப் பிடித்து, இழைகள் நழுவும் அளவுக்கு மட்டும் வெடுக்கென்று இழுத்துத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நூற்கும்போது கட்டிகட்டியாக வரும். அதற்குச் சாயக்காரரைத் திட்டிப் பயனில்லை.

நான்கு மாதிரி

இரண்டாம் சடையிலிருந்து எட்டில் ஒரு பங்கு அகலத்தில் இரண்டு கீற்று உரித்தெடுக்கப்பட்டது. கீற்று 12.5 கிராம். நடுவில் பிரித்தால் நான்கு நிறமும் ஒருமுறை வரும் 6.25 கிராம் துண்டு நான்கு. மாதிரிக்கு 25 கிராம் செலவழிப்பது வீண் என்று தோன்றும். 100 கிராம் சேறாகப் போனதற்குப் பிறகு அப்படித் தோன்றாது. ஒவ்வொன்றையும் நூற்று, புரி சேர்த்து, நனைத்து உலர்த்தி, 25 கண் (பின்னல் வளையம்) அகலத்தில் பின்னி, மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் குத்திப் பார்த்தார்கள். அட்டையில் நூலைச் சுற்றிப் பார்ப்பது போதாது. சுற்றில் நூல் நேராகக் கிடக்கும். பின்னலில் வளைந்து, பக்கத்து வரிசையோடும் கலந்துதான் தெரியும்.

முதல் மாதிரி சங்கிலிப் புரி. ஒரே ஒற்றைப்புரியை வளையம் வளையமாக மடித்துத் தன்னோடு தானே முப்புரியாக்குவது. நிறம் துளியும் கலக்காது. 62 மீட்டர் ஒற்றைப்புரி 20 மீட்டராகச் சுருங்கியது. நூல் உருண்டையாக, உறுதியாக வந்தது. நான்கு நிறமும் சடையில் இருந்த அதே பளிச்சுடன் நின்றன. குறை என்றால், பளிச்சு கொஞ்சம் ஓவர். சாலையோரக் கொடித்தோரணம் போல நிறத்துக்கு நிறம் தனித்தனியாகக் கத்துகிறது. நூலும் தடிக்கிறது. காலுறைக்கும் தொப்பிக்கும் இதுவே சரி, சால்வைக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்டது.

இரண்டாவது, ஒரே திசை ஜோடி. துண்டை நெடுக்கில் இரண்டாகக் கீறி, இரண்டையும் மயில்கழுத்து நுனியிலிருந்து நூற்று, நிறத்துக்கு நிறம் நேராக வைத்து முறுக்குவது. சொல்லக் கேட்டால் குறையே இல்லாத யோசனை. முதல் சில மீட்டர் பிரமாதம். ஒரு புரி மற்றதைவிட ஒரு நூலிழை மெலிந்தாலும் அது நீளமாகிவிடும், ஜோடி நழுவும். நழுவினால் மயில்கழுத்துக்கு ஜோடி ஆரஞ்சு, கடுகுக்கு ஜோடி கத்தரிப்பூ. இரண்டும் கெட்ட ஜோடி! சாயமிட்டவர் வைத்த வரிசையில் ஒன்றுவிட்டொரு மூட்டு எதிர் நிறம் என்பதால் நழுவிய நீளத்தில் பாதி நேராகச் சேற்றில்தான் போய் விழுகிறது.

மூன்றாவதுதான் இந்த ஆய்வின் சாரம்: தலைகீழ் ஜோடி. ஒரு பாதியை மயில்கழுத்து நுனியிலிருந்தும் மறுபாதியைக் கத்தரிப்பூ நுனியிலிருந்தும் நூற்றுச் சேர்ப்பது. வரிசையை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே அதையே திருப்பி எழுதிப் பார்த்தால் விளங்கும். மயில்கழுத்துக்குக் கத்தரிப்பூ, ஆரஞ்சுக்குக் கடுகு, கடுகுக்கு ஆரஞ்சு, கத்தரிப்பூவுக்கு மயில்கழுத்து. நல்ல ஜோடி மட்டுமே. நழுவினால்? ஒரு பகுதி நீளத்துக்கு எந்தப் பக்கம் நழுவினாலும் வருவது ஒரே நிறமோ சுமார் ஜோடியோதான். முழுதாக ஒரு பகுதி நழுவியதற்கு அப்புறம்தான் கெட்ட ஜோடி தலைகாட்டும். கைநூற்பில் நழுவாமல் இருக்க முடியாது. நழுவினாலும் கெடாத வரிசைதான் வேண்டும்.

நான்காவது மாதிரியில் இரண்டாம் புரியாகச் சாயமிடாத கருஞ்சாம்பல் கம்பளி. ஆரஞ்சும் கடுகும் அதன்மேல் தணல் போல மின்னின. மயில்கழுத்தையும் கத்தரிப்பூவையும் சாம்பல் விழுங்கிவிட்டது. நடுத்தரச் சாம்பல் எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். வெள்ளையை ஜோடி சேர்த்தால் எல்லாம் வெளிறி, கயிற்றுக்கோடுதான் முதலில் கண்ணில் படும். சாம்பல் புரி நல்ல உத்தி, மறுப்பதற்கில்லை. ஆனால் 175 கிராமுக்கு இன்னொரு 175 கிராம் வேண்டும்.

ஃப்ராக்டல் முறை மாதிரிக்கே எடுக்கப்படவில்லை. ஒரு பாதியைக் கீறாமலும் மறுபாதியை நான்கைந்து கீற்றாகக் கீறியும் நூற்றுச் சேர்க்கும் முறை அது. நீண்ட நிறத்தின்மேல் குறுகிய நிறங்கள் ஓடும். இன்று ரொம்பப் பிரபலம். ஆனால் அது எல்லா நிறத்தையும் எல்லா நிறத்தோடும் சந்திக்க வைக்கும், கெட்ட ஜோடிக்குக் கால்பங்கு உறுதி. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் மட்டுமுள்ள சடைக்குத்தான் அது பொருந்தும்.

மீதி 175 கிராம்

இரண்டாம் சடையில் ஆறு கீற்று மீதி, மூன்றாம் சடை முழுதாக எட்டுக் கீற்று. கையால் சாயமிட்ட சடைகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை, மூன்றாவதில் ஆரஞ்சு ஒரு படி சிவந்திருந்தது. அதனால் பாபினுக்கு ஏழு கீற்று வீதம், இரண்டாம் சடையில் மூன்றும் மூன்றாம் சடையில் நான்குமாக மாறிமாறி அடுக்கப்பட்டன.

ஒவ்வொரு கீற்றிலும் நான்கு கெட்ட மூட்டும் 10 சென்டிமீட்டர் வீதம் பிய்த்தெடுக்கப்பட்டது. கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. வெட்டினால் இழை குட்டையாகி நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும். மூட்டுக்கு இருபுறமும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து இழுத்தால் தானே நழுவிப் பிரியும். பிரிந்ததும் ஒரு விஷயம் தெரிந்தது: மயில்கழுத்து, ஆரஞ்சு–கடுகு, கத்தரிப்பூ–மயில்கழுத்து, ஆரஞ்சு–கடுகு, கத்தரிப்பூ என்று குளிர்ந்த நிறமும் சூடான நிறமும் தாமாகவே மாறிமாறி நிற்கின்றன. ஒரு கீற்று கத்தரிப்பூவில் முடிந்து அடுத்தது மயில்கழுத்தில் தொடங்குவதால் அந்த இணைப்பும் நல்ல மூட்டு.

முதல் பாபினுக்கு ஏழு கீற்றும் மயில்கழுத்து நுனியிலிருந்து, இரண்டாவதற்கு ஏழும் கத்தரிப்பூ நுனியிலிருந்து. கீற்று 11.25 கிராம், 112 மீட்டர் ஒற்றைப்புரி. அதில் சூடான ஓட்டம் 28 மீட்டர், குளிர்ந்த ஓட்டம் 28 மீட்டர் என்று மாறும். இழுப்பு குறுகியதாக, பின்கை பஞ்சைப் பிடிக்க, முன்கை இழைகளை இழுத்து முறுக்கை உள்ளே விடாமல் பிடித்து நூற்றார்கள். இழைகள் இணையாகப் படுத்தால் நூல் வழவழப்பாகி நிறம் ஆழமாகத் தெரியும். நீள இழுப்பில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக நின்று ஒளியைச் சிதறடிக்கும், நிறம் ஒரு படி வெளிறும்.

நழுவலுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒரு புரி 5 சதவீதம் மெலிந்தால் ஒரு கீற்றின் முடிவில் நழுவல் 5.6 மீட்டர். நிறப்பகுதி 14 மீட்டர், ஆகவே ஆபத்தில்லை. மூன்றாவது கீற்றில் 16 மீட்டரைத் தாண்டும், அங்கே கெட்ட ஜோடி தொடங்கும். எனவே புரி சேர்க்கும்போது ஒவ்வொரு கீற்றின் முடிவிலும் நின்று, நீளமாக மிஞ்சிய புரியை அறுத்து, நுனியை அவிழ்த்துப் பஞ்சாக்கி, அடுத்த தொடக்கத்தோடு ஒரு விரல் நீளம் மேலேற்றி முறுக்குக்குள் விட்டார்கள். கீற்றுக்கு அரைகிராமுக்குக் குறைவாகத்தான் வீணாகியது.

முறுக்கி, நனைத்து, உலர்த்திய நூல் 154 கிராம், சுமார் 710 மீட்டர். 45 சென்டிமீட்டர் அகலப் பின்னலில் ஒரு வரிசைக்கு 1.6 மீட்டர் போனது. அகலத்தைப் போல மூன்றரை மடங்கு. முறுக்கில் சுருங்கி 26 மீட்டரான ஓட்டம் ஒன்று 16 வரிசை, 5 சென்டிமீட்டர் பட்டை. மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் வெயில் நிறப் பட்டையும் ஆழ்நீலப் பட்டையும் ஒன்றையொன்று ஏற்றிக் காட்டுகின்றன. பட்டையும் பட்டையும் சந்திக்கும் ஓரத்தில் நழுவலால் நாலைந்து மீட்டர் பாசிப்பச்சையோ அரக்கோ வந்தது. அது இருந்ததால்தான் பட்டை வெட்டி ஒட்டியது போல இல்லாமல் இருக்கிறது.

முதல் சிட்டம்

சேறான 97 கிராமைத் தூக்கிப் போடவில்லை. நான்கு நிறமும் அதே சாயத்தில் அதற்குள் இருப்பதால் பட்டைகளின் பக்கத்தில் வைத்தால் இரண்டோடும் ஒத்துப்போகும் பழுப்பு அது. தனியே பார்த்தால் சேறு, அங்கே பார்த்தால் நிலம். சால்வையின் இரு முனைக்கும் 10 சென்டிமீட்டர் ஓரமாக 24 கிராம் போனது. மீதியில் 70 கிராமுக்குக் கருநீலச் சாயத்தின் 1 சதவீதக் கரைசல் 70 மில்லி. கம்பளி எடைக்குச் சாயம் 1 சதவீதம். பாத்திரத்தில் நூல் தாராளமாக மூழ்கும் நீரில் மெல்லச் சூடேற்றி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி. கடுகு கரும்பச்சையாகவும் ஆரஞ்சு அடர்பழுப்பாகவும் இறங்கின, கத்தரிப்பூ கறுப்பை நெருங்கியது. வெளிர்–அடர்வு வித்தியாசம் சுருங்கியதால் பொரிப்பொரி அடங்கி, அடியில் நிறம் ஓடும் கருநீல நூலாகியது.

பிய்த்தெடுத்த கெட்ட மூட்டுகள் 17.5 கிராம். அவை கைச்சீப்பில் மூன்று முறை வாரப்பட்டன. ஒருமுறை வாரினால் நிறத்திட்டுகள் நிற்கும், மூன்றில் புள்ளியாகும், ஆறேழு முறை வாரினால் ஒரே பழுப்பு. மூன்றோடு நிறுத்தி ஒற்றைப்புரியாகத் தடிமனாக நூற்றதில் முனைக் குஞ்சங்களுக்குப் போதுமான நூல் கிடைத்தது.